புதுப்பிப்பு: அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை மாற்றிவிட்டோம்

அம்மாவின் 3 லட்ச ரூபாய் பாலிசியில் மருத்துவமனை அறை வாடகைக்கு நாளுக்குப் பாலிசித் தொகையில் 1 சதவீதம்தான் வரம்பு, வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாறிவிட்டோம்.

அந்த வரம்பைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். 3,000 ரூபாய்தான் அனுமதி, நாம் 6,000 ரூபாய் அறையில் இருந்தோம் என்றால், அறை வாடகையில் மட்டும் வெட்டு விழாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் காப்பீட்டு நிறுவனம் தருவது பாதியாகும். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும், இந்த வரம்பே இல்லாத திட்டம்தான் நல்லது.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத ஆரம்ப வருடங்கள்) மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமோ என்பதுதான் பெரிய கவலை. போர்ட்டிங் முறையில், அதாவது இருக்கும் பாலிசியையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், ஏற்கெனவே கழித்த வருடங்கள் கூடவே வரும். ஆனால் பழைய பாலிசித் தொகை அளவுக்குத்தான். இப்போது 10 லட்சம் எடுத்திருக்கிறோம். கூடுதலான 7 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். புது நிறுவனம் மறுக்கவும் உரிமை உண்டு, அதனால் எழுத்தில் சம்மதம் வரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்கவே கூடாது.

அப்புறம், வேலூர்க்காரர்களுக்கு ஒன்று: சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது என்று நம்பி எடுக்காமல், அதன் டவுன் மருத்துவமனைக்கும் ராணிப்பேட்டை வளாகத்துக்கும் கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குக் கட்டும் வசதி) உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.