குரோமியம் கழிவு கொட்டிய இடம்: பக்கத்துப் போர்வெல் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதுமா?

பாலாற்றுமணல்:
ராணிப்பேட்டை பக்கம், மூடிப் பல வருடம் ஆன ஒரு சின்ன ரசாயனப் பட்டறை. பின்னாடி கழிவைக் கொட்டி மேலே மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள், மழை பெய்தால் ஓரத்தில் தேங்கும் தண்ணீர் மஞ்சளாக நிற்கிறது. நான் ஜியாலஜி முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சுற்றியுள்ள மூன்று விவசாயப் போர்வெல்லில் தண்ணீர் எடு, மின்தடை சர்வே (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அடியில் இருப்பது அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது) ஒன்று போடு, ரிப்போர்ட் எழுது என்கிறார் முதலாளி. சர்வேயில் 12 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை 8 ஓம் மீட்டர்தான் வருகிறது, அதற்குக் கீழே ஆயிரத்தைத் தாண்டுகிறது. கழிவு 25 மீட்டர் வரை இறங்கிவிட்டது என்று எழுதலாமா? ஆனால் மூன்று போர்வெல்லில் இரண்டில் குரோமியமே வரவில்லை. குழப்பமாக இருக்கிறது.

கேசிங்பைப்:
எழுதாதீர்கள் தம்பி. 8 ஓம் மீட்டர் ஈரக் களிமண்ணிலும் வரும், உப்புத் தண்ணீர் ஊறிய சிதைந்த பாறையிலும் வரும். அந்தக் கருவிக்குக் குரோமியம் தெரியாது, கூடவே இறங்கும் உப்புதான் தெரியும். பக்கத்தில் ஒரு போர் போட்டு மண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம்.

அடுத்து விவசாயப் போர்வெல். உங்கள் பக்கம் மேலே மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. கேசிங், அதாவது பக்கச் சுவர் சரியாமல் இறக்கும் குழாய், கெட்டிப் பாறை வரைதான் போகும், அதற்குக் கீழே குழி அப்படியே திறந்து கிடக்கும். மேலே ஒரு ஊற்றுக்கண் கெட்டிருந்து கீழே நாலு ஊற்றுக்கண் நன்றாக இருந்தால், மோட்டார் போட்டதும் எல்லாம் கலந்துதான் வரும், ஒரு அண்டா நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு கெட்ட தண்ணீரை ஊற்றிய கதை. அந்த இரண்டு கிணற்றில் வரவில்லை என்பதை வைத்து இடம் சுத்தம் என்று சொல்லவே முடியாது. சிதைந்த பாறைக்கு ஒன்று, வெடிப்புக்கு ஒன்று எனத் தனித்தனிக் கண்காணிப்புக் கிணறு வேண்டும், துளையிட்ட குழாய் இரண்டு மூன்று மீட்டர் போதும், அதற்கு மேலே பென்டோனைட் (தண்ணீர் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் களிமண்) போட்டு அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கழிவுக் குவியலுக்கு நடுவில் துளையிடும் ரிக்கை நிறுத்தி நேராகப் பாறை வரை இறக்காதீர்கள். மேலே கிடக்கும் விஷத்துக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

லேப்வாசி:
மாதிரி எப்படி எடுத்தீர்கள்? குரோமியம் இரண்டு வடிவில் வரும்: ஆறு இணைதிறன் குரோமியம்தான் தண்ணீரோடு ஓடும், மூன்று இணைதிறன் பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். வழக்கம்போல நைட்ரிக் ஆசிட் விட்டு அனுப்பியிருந்தால் ஆறு மூன்றாக மாறி, ஆறு இணைதிறன் ரிசல்ட் குறைந்துதான் வரும். இரண்டு பாட்டில் எடுங்கள். இரண்டையும் அங்கேயே வடிகட்டிவிடுங்கள். ஆசிட் விட்டது மொத்தக் குரோமியத்துக்கு, விடாதது ஆறு இணைதிறனுக்கு, அதை ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைவிட நன்றாகக் கீழே அளக்கக்கூடிய கருவி லேபில் இருக்கிறதா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், எங்களை மாதிரி ஆட்கள் நீங்கள் கேட்காமல் சொல்ல மாட்டோம்.

பாலாற்றுமணல்:
ரொம்ப நன்றி. முதலாளியிடம் கெஞ்சினால் நாலு போர் கிடைக்கும். எங்கே போடுவது?

கேசிங்பைப்:
நாலையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். முதலில் மூன்று, நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. ஒவ்வொரு குழாயின் வாய் மட்டத்தையும் சர்வேக்காரரை வைத்து எடுங்கள், போன் ஜிபிஎஸ் உதவாது. நிலத்தடி நீர்மட்டத்தின் சரிவு 400க்கு 1 என்றால் 200 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றில் வித்தியாசம் அரை மீட்டர்தான், போன் அதைவிட அதிகமாகத் தப்புக் காட்டும். மூன்று நீர்மட்டத்தையும் வைத்து ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு நாலாவதை அந்தப் பக்கம் போடுங்கள். தரை சரிகிற பக்கம்தான் அடியில் தண்ணீரும் போகும் என்று நம்பிவிடாதீர்கள், நாலு வயல் தள்ளி ஒருவர் நாள் முழுக்க மோட்டார் ஓட்டினால் போதும், எல்லாம் அங்கே திரும்பிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மட்டம் பாருங்கள்.

பாலாற்றுமணல்:
சர், லேப்வாசி சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் டிரைவரிடம் கேட்டேன். எல்லா பாட்டிலிலும் ஆசிட் விட்டிருக்கிறார், வடிகட்டவும் இல்லை. திங்கட்கிழமை ஐஸ் பெட்டியோடு மறுபடி போகிறேன்.