டைம்அவுட் என்றால் தோல்வி என்று நம்பிவிட்டேன். உங்களுக்கு என்ன நடந்தது?

மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பணம் வசூலித்துத் தரும் சேவையான பேமென்ட் கேட்வேக்குப் போகும் அழைப்பு. 30 வினாடிக்குள் பதில் வராவிட்டால் டைம்அவுட், அது வந்தால் இன்னும் இரண்டு ரீட்ரை, அதாவது திரும்ப அனுப்புவது. எழுதியவன் நான்தான். அன்று இரவு அவர்கள் சர்வர் தவழ்ந்துகொண்டிருந்தது. நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தால் ஒரே ஆர்டர் எண், ஒரே தொகை: 22:14:07, 22:14:38, 22:15:10. என் பக்கம் மூன்றும் சிவப்பு. அவர்கள் டாஷ்போர்டில் மூன்றும் பச்சை. மூன்று முறையும் பணம் எடுத்தாகிவிட்டது. அந்த வாடிக்கையாளர் கத்தவே இல்லை. "வாடகைக்கு வைத்திருந்த பணம்" என்று மட்டும் சொன்னார்.

பதில் 1
எனக்கு நேர்மாறு. டைம்அவுட்டே வைக்கவில்லை. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் நாமாகக் கொடுக்காவிட்டால் அது காத்துக்கொண்டேதான் இருக்கும். முகவரி சரிபார்க்கும் சேவை ஒன்று இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே அனுப்பவில்லை. பயனர் கோரிக்கைகளைக் கவனிக்கும் எங்கள் எட்டு வொர்க்கரும் ஒவ்வொன்றாக அதில் போய் மாட்டின. சிபியு சும்மா கிடக்கிறது, மெமரி சாதாரணம், லாகில் ஒரு எரர்கூட இல்லை, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. எரர் இல்லாத லாகை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதில் 2
பதில் 1-க்கு: டைம்அவுட் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. நான் 10 வினாடி கொடுத்திருந்தேன், ஒரு அழைப்பு நான்கு நிமிடம் ஓடியது. அந்த 10 மொத்த நேரத்துக்கு இல்லை. ஒரு தடவை தரவு வந்து அடுத்த தடவை வருவதற்குள் உள்ள இடைவெளிக்குத்தான். சொட்டுச் சொட்டாக அனுப்பினால் டைம்அவுட் அடிக்கவே அடிக்காது.

முதல் பதிவுக்கு: ரீட்ரையைத் திட்டாதீர்கள். டைம்அவுட் தோல்வி இல்லை, "முடிவு தெரியாது" என்று அர்த்தம். தகவலைப் படிக்க மட்டும் செய்யும் கெட் அழைப்பென்றால் தாராளமாகத் திரும்ப அனுப்பலாம். பணம் எடுக்கும் போஸ்ட் என்றால் ஒரு ஆர்டருக்கு ஒரே ஐடெம்பொடென்சி கீ வேண்டும், அதாவது திரும்ப வருவது அதே கோரிக்கைதான் என்று அவர்கள் சர்வர் கண்டுகொள்ள உதவும் அடையாளம். அந்தக் கீயை முதல் அழைப்புக்கு முன்பே டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். ரீட்ரை லூப்புக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புதுக் கீ போகும், வைத்தும் பயனில்லை. அப்புறம், ரீட்ரைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். இல்லையென்றால் தவழ்கிற சர்வரை எல்லோரும் ஒரே நொடியில் போய் மிதிப்போம்.

பதில் 3
டாட்நெட்டில் வெளிச் சேவைகளை அழைக்கும் எச்டிடிபி கிளையன்ட்டுக்கு இயல்பாகவே 100 வினாடி டைம்அவுட். எங்கள் கோடுக்கு முன்னால் இருந்த என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் 60 வினாடியிலேயே பயனருக்கு 504, அதாவது நேரம் கடந்துவிட்டது என்ற பிழையைக் கொடுத்துவிட்டது. பயனர் போன பிறகும் எங்கள் கோடு காத்திருந்து, கடைசியில் டாஸ்க் கேன்சல்டு எக்செப்ஷன் (வேலை ரத்தானது என்ற பிழை) போட்டது. அந்தப் பெயரைப் பார்த்து, பயனர்தான் ரத்து செய்கிறார் என்று இரண்டு வாரம் தவறாகத் தேடினோம்.

முதல் பதிவு போட்டவன்
பதில் 2, இப்போதுதான் பார்த்தேன். அந்தக் கீ அவர்கள் ஏபிஐயில் முதலிலிருந்தே இருக்கிறது. ஆனால் 24 மணி நேரம்தான் நினைவில் வைப்பார்களாம். அனுப்பக் காத்திருக்கும் எங்கள் கியூ இரண்டு நாள் தேங்கினால் அதே கீயோடு அனுப்பலாமா, இல்லை முதலில் நிலையை விசாரித்துவிட்டு அனுப்புவதா?