தில்லியில் ‘ஆம்’ என்றால் மாம்பழமா, பொதுவா, ஆமாமா?

மயூர் விஹார் அப்பா கேட்கிறார்:

மகன் மூன்றாம் வகுப்பு. வீட்டில்தான் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. தமிழ்ப் பயிற்சித் தாளில் ‘ஆம் / இல்லை என எழுதுக’ என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, “மாம்பழம் இல்லைன்னு எதுக்குப்பா எழுதணும்?” என்கிறான். சிரித்துச் சமாளித்தேன். அடுத்த கேள்வி, செங்கோட்டையில் இருக்கும் திவான்-இ-ஆம் மாம்பழம் வைக்கிற மண்டபமா? இல்லடா, அந்த ஆமுக்குப் ‘பொது’ன்னு அர்த்தம், ஆம் ஆத்மியில் வருதே அது என்றேன். போதாததற்கு, சமஸ்கிருதத்திலும் ஆம் என்றால் ஆமாம்தான் என்று என் மனைவி வேறு எடுத்துக் கொடுக்கிறாள். இதுகளுக்குள் உறவு ஏதாவது உண்டா?

சாந்தினி சௌக் வாசி:

பழத்துக்கும் பொதுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை சார். தேவநாகரியில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வந்த வினை இது. உருதுவில் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடும்: பழத்துக்கு அலிஃப், பொதுவுக்கு ஐன். பழம் சமஸ்கிருத ‘ஆம்ர’வின் வழி வந்தது, மராத்திக்காரர்கள் ஆம்பா என்பார்கள். பொது என்ற ஆம் அரபுச் சொல், பாரசீகம் வழியாக இங்கே வந்தது. 1639இல் தொடங்கி 1648இல் ஷாஜகான் கட்டி முடித்த கோட்டையில், எல்லாரும் வந்து முறையிட திவான்-இ-ஆம், முக்கியஸ்தர்களுக்கு மட்டும் திவான்-இ-காஸ்.

அரபியில் ‘ஆண்டு’ என்பதற்கும் ஆம்தான்! ‘பொது’வில் மட்டும் கடைசி மகரம் இரட்டிக்கும். அந்த இரட்டிப்புக் குறியைச் சாதாரணமாக யாரும் போடுவதில்லை, ஆக எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பையன் காதில் இதைப் போட்டுவிடாதீர்கள்.

ஆர்.கே.புரம் தமிழ் டீச்சர்:

தமிழ் ஆமுக்கு வேர் வெளியே தேட வேண்டியதில்லை. ஆகும் என்பது சுருங்கி ஆம், போகும் என்பது போம் ஆகிறதே, அதே மாதிரி. “இது ஆகுமா?” என்றால் “ஆகும்” என்கிறோம் அல்லவா, அந்த ஆகும்தான். உங்கள் வீட்டம்மா சொல்வதும் சரி, சமஸ்கிருதத்தில் இசைவு சொல்ல ஆம் உண்டு. ஆனாலும் ஆகு என்ற வினை நம்மிடம் ஆகாது, ஆகட்டும், ஆனது என்று குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நான் கடன் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அப்புறம், ‘நாளைக்கு லீவாம்’ என்கிறோமே, அந்த ஆம் தனி அழகு. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதை ஒரே அசையில் சொல்லிவிடுகிறோம். இந்தியில் இதற்கு ‘சுனா ஹை’ என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

கரோல் பாக் மாமி:

வெயில் காலத்தில் எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆம், மாங்காயில பண்ற ஆம் பன்னா பானம்தான். இந்திக்காரா கிட்ட ‘பூ’ன்னு சொல்லும்போதும் கொஞ்சம் பார்த்து. ‘பாபு’ல முதல்ல வர்ற ‘பா’ மாதிரி அழுந்திடுத்துன்னா அவாளுக்கு அது வாடை, முக்காவாசி நாத்தம்!

டீச்சர், அப்போ ஆமாம்கிறது?

ஆர்.கே.புரம் தமிழ் டீச்சர்:

ஆம் + ஆம், மாமி.