லைசோசைம் பீக் அசிட்டோனுக்கும் பின்னால் வருகிறது, பஃபரில் தவறா?

கேள்வி:
வணக்கம். சைஸ் எக்ஸ்குளூஷன் குரோமட்டோகிராஃபிக்குப் (மூலக்கூறுகளை அளவை வைத்துப் பிரிக்கும் முறை) புதியவன். டையால் பூச்சுள்ள சிலிக்கா குழல், 7.8 மி.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம். நகரும் நிலைமை (குழல் வழியே ஓடும் கரைசல்) 20 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 6.8, உப்பு எதுவும் சேர்க்கவில்லை. வேகம் நிமிடத்துக்கு 0.5 மி.லி. மாட்டு சீரம் அல்புமின் 17ஆம் நிமிடத்தில் அழகாக வருகிறது. அசிட்டோன் 24இல். லைசோசைம் மட்டும் 33இல், நீண்ட வாலோடு. சின்ன புரதம் தாமதமாக வரும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு தாமதமா? ரிவர்ஸ் ஃபேஸில் (நீர்வெறுப்பை வைத்துப் பிரிக்கும் முறை) செய்வதுபோல மெத்தனாலைக் கூட்டிப் பார்க்கட்டுமா?

மறுமொழி 1:
வேகத்தை 0.3க்குக் குறைத்துப் பாருங்கள். துளைக்குள் போய் வர மூலக்கூறுக்கு நேரம் வேண்டும்.

மறுமொழி 2:
வேகத்தைக் குறைத்தால் பீக் கொஞ்சம் ஒடுங்கும். ஆனால் இங்கே சிக்கல் அது இல்லை.

குழலுக்குள் இருப்பவை துளையுள்ள மணிகள். பெரிய மூலக்கூறு துளைக்குள் நுழைய முடியாமல் மணிகளுக்கு இடையே உள்ள வழியிலேயே ஓடி முதலில் வெளியே வந்துவிடும். சின்னது ஒவ்வொரு துளைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வரும். அசிட்டோன் எல்லாத் துளைக்கும் போய் வரக்கூடியது. அளவை மட்டும் வைத்துப் பிரிந்தால் அதற்குப் பிறகு எதுவும் வரவே கூடாது. 14.3 கிலோடால்டன் லைசோசைம் அதற்கும் 9 நிமிடம் பிந்துகிறதென்றால், அது மணியில் ஒட்டிக்கொள்கிறது.

ஏன் ஒட்டுகிறது? பூச்சுக்கு நடுவே மிஞ்சிய சிலனால்கள் (சிலிக்கா மேற்பரப்பின் Si-OH தொகுதிகள்) பிஎச் 6.8இல் எதிர்மின் சுமையோடு நிற்கும். லைசோசைமின் சமமின் புள்ளி (நிகர மின்சுமை பூஜ்ஜியமாகும் பிஎச்) 11க்கு அருகில், அதனால் அது நேர்மின் சுமையோடு இருக்கும். அல்புமினுக்கு அது 5க்குக் கீழே. எதிர்மின் சுமை என்பதால் ஒட்டவில்லை. உங்கள் இரண்டு பீக்கும் சொல்லும் கதை இதுதான்.

மெத்தனாலைக் கூட்ட வேண்டாம். இந்த முறையில் பிரிப்பது துளையின் அளவுதான். நகரும் நிலைமை புரதத்தைக் கரைத்து வைக்க வேண்டும், மணியோடு ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மெத்தனால் அதிகமானால் புரதமே திரியக்கூடும். உப்பின் அயனிகள் அந்த மின் ஈர்ப்பை மறைத்துவிடும், அதனால் அதே பஃபரில் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்று நீக்கி ஓட்டுங்கள்.

மறுமொழி 3:
உப்புக்கும் ஒரு எல்லை உண்டு. 1 மோலார் பக்கம் போனால் நீர்வெறுப்புப் பகுதிகள் மணியோடு ஒட்ட ஆரம்பிக்கும். பீக் மறுபடியும் பின்னால் நகரும். அப்படிப்பட்ட புரதமென்றால் 0.2 மோலார் ஆர்ஜினின் நன்றாக உதவும். பிஎச்சைக் கூட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், காரத்தில் சிலிக்கா கரையும்.

அப்புறம், வேலை முடிந்ததும் குழலில் உப்புப் பஃபரை நிறுத்தி வைக்காதீர்கள். முதலில் தண்ணீர் ஓட்டிவிட்டு அதன் பிறகே 20% எத்தனால். பாஸ்பேட் மேல் நேராக எத்தனாலை விட்டால் உப்பு படிந்து குழல் அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலவை பிசுபிசுப்பானது, வேகத்தைப் பாதியாக்குங்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்துவிட்டேன். 150 மில்லிமோலார் உப்போடு லைசோசைம் 21ஆம் நிமிடத்துக்கு வந்துவிட்டது, வாலும் இல்லை. அசிட்டோன் அதே 24. பீக்கின் பரப்பும் கூடியிருக்கிறது. அப்படியானால் முன்பு கொஞ்சம் புரதம் உள்ளேயே தங்கிப்போயிருக்கிறது. உப்பு சேர்த்த பிறகு முதல் ஓட்டத்தில் புரதம் ஏற்றாமல் பஃபரை மட்டும் விட்டபோது ஒரு சின்ன மேடு வந்தது, அதுதான் அந்தப் பழைய மிச்சம் போல. 300 மில்லிமோலாரிலும் ஓட்டினேன், 21 நகரவில்லை. அதனால் 150லேயே நிறுத்திக்கொள்கிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.