புதுப்பிப்பு: ஏர் எடுத்தும் பெடல் கீழே இறங்கிய பிரச்சினை தீர்ந்தது

என் பழைய காரில் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்த (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) பிறகும் பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டாவது மிதியில்தான் மேலே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது முதல் மிதியிலேயே நிற்கிறது.

மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். நல்லவேளை, அதற்கு முன் ஒருவர் சொன்ன சோதனையைச் செய்தேன்: ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதிப்பது. பெடல் உடனே உயர்ந்து நின்றது. ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை நோக்கி ஷூவை (உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை) தள்ளுகிறது. அப்போது பெடல் உயர்ந்தால், டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். பிரித்துப் பார்த்தால் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து, சக்கரத்தைச் சுற்றும்போது ஷூ லேசாக உரசும் அளவுக்கு வைத்தேன்.

நான் எதிர்பார்க்காதது முன்பக்கம். பெடல் உயர்ந்தாலும் மெத்தென்றே இருந்தது. யாரோ முன்பு காலிப்பர்களை (முன்சக்கர டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகங்கள்) இடம் வலம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அதனால் காற்றை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது. காற்று மேலே தங்கும், கீழிருந்து எவ்வளவு எடுத்தாலும் வராது. இடம் மாற்றிப் பூட்டி மறுபடி ஏர் எடுத்ததும் பெடல் கெட்டியானது.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். அடிவரை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழியக்கூடும். பிரேக் ஆயில், அதன் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 4 வகைதான் ஊற்றினேன். சிலிகான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.