மலையேறும்போது மட்டும் கொதிக்கும் வேன்: ஆலோசனை தேவை

உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்குமாகச் சித்திரை விடுமுறையில் புறப்பட்ட எங்கள் பெரிய குடும்பம், வேன் பழுதானதால் நுவரெலியாவில் மாமி வீட்டில் தங்கியிருக்கிறது. வாகனம் 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹயஸ் டொல்பின். 3எல் (3L) என்ற வகை டீசல் இயந்திரம். கண்டியிலிருந்து புசல்லாவை வரை சீராக ஓடிய வேனின் வெப்பமுள், றம்பொடை ஏற்றத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டதோடு, ரேடியேட்டர் நீரும் மேலதிகத் தொட்டிவழியே பொங்கி வெளியேறியது. சமதரையிலும் இறக்கத்திலும் எந்தக் குறையும் இல்லை.

ரேடியேட்டரைக் கழுவி, மூடியையும் தேர்மோஸ்டாட்டையும் மாற்றி, விசிறிப் பட்டியை இறுக்கி, ஏசியை நிறுத்தி ஓட்டியும் பயனில்லை. ஒயிலில் நீர் கலக்கவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. ஆனாலும் இங்குள்ள கராஜ்காரர் ஹெட் கேஸ்கட் (இயந்திரத்தின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதானதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறார்; சோதிக்காமல் ஹெட்டைக் கழற்ற எனக்கு மனமில்லை. அடுத்து சீதா எலிய, வெலிமடை, பண்டாரவளை வழியாக அப்புத்தளை செல்லவேண்டும். அங்குள்ள தங்கையைப் பார்க்காமல் திரும்பமாட்டேன் என்கிறார் பாட்டி.

ஹெட்டைக் கழற்றாமலே, ரேடியேட்டர் நீரில் இயந்திரத்துக்குள் டீசல் எரிந்து உண்டாகும் வாயு கலக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் கராஜ் நுவரெலியாவிலோ வெலிமடையிலோ எங்கே இருக்கிறது?