ஃப்ரண்ட் ஆக்சில்: வீட்டு வாசல்லயே மாத்தலாமா, ஷெட்டுக்குத்தான் போகணுமா?

கொடுங்கையூர்_ஹேட்ச்பேக்:
சின்ன ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வலது பக்கம் முழுசா ஒடிச்சு நகர்த்தினா 'கட கட'ன்னு சத்தம். இடது டயருக்கு உள்பக்கம் ஆக்சில் ஜாயிண்டை மூடுற ரப்பர் பூட் கிழிஞ்சு, ரிம் முழுக்க கிரீஸ். இடது ஆக்சிலை (கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டு) வீட்டு வாசல்லயே மாத்தலாமா?

தண்டையார்பேட்டை_ஸ்பேனர்:
தாராளமா மாத்தலாம். சத்தம் வந்துட்டாலே வெளி ஜாயிண்ட்ல (சக்கரத்துப் பக்க மூட்டு) குண்டு ஓடுற பள்ளம் தேஞ்சிருக்கும். இனி பூட் மட்டும் மாத்துறது வீண், முழு ஆக்சிலா போடுங்க. புது ஹப் நட்டு (சக்கரத்து நடுவுல ஆக்சிலைப் பூட்டுற நட்டு), கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீல், கியர் ஆயில் மூணும் கூடவே வாங்கிடுங்க.

வண்டி தரையில நிக்கும்போதே, ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு ஹப் நட்டைத் தளர்த்துங்க. நட்டோட உதட்டை ஷாஃப்ட்டுல இருக்கிற பள்ளத்துக்குள்ள அடிச்சு மடக்கியிருப்பாங்க. அதை உளியால நிமிர்த்தாம திருகினா ஷாஃப்ட் மரை போயிடும். சாக்கெட் 30, 32 எம்எம்னு வண்டிக்கு வண்டி மாறும், அளந்துட்டு வாங்குங்க. அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, டயரைக் கழட்டுங்க. ஏபிஎஸ் வயரையும் (சக்கர வேகத்தை அளக்குற சென்சார் வயர்) பிரேக் ஹோஸ் கிளாம்பையும் கழட்டி விடுங்க. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் (கீழ் ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கிற குண்டு மூட்டு) போல்ட்டை எடுத்து, ஹப்பைத் தாங்குற நக்கிளை வெளிய இழுத்தா ஷாஃப்ட் ஹப்பை விட்டு வரும். வரலைன்னா பழைய நட்டை நுனியில மாட்டி, மரக்கட்டை வச்சு அடிங்க.

மூலக்கடை_ஷெட்:
ஸ்பேனர், 'போல்ட்டை எடுத்து'ன்னு ஒரே வார்த்தையில தாண்டிட்டீங்க. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு கடல் ஓரம் நிக்கிற வண்டியில வேலையே அங்கதான் நிக்கும். அந்த போல்ட் பால் ஜாயிண்ட் தண்டுல இருக்கிற பள்ளத்து வழியா போகுது. தளர்த்தினா போதாது, முழுசா வெளிய வரணும். உப்புக்காத்துல துரு ஏறினதை நீளக் கம்பி போட்டு இழுத்தா தலை முறிஞ்சிடும். கேஸ் வச்சு சூடு பண்ணினா பால் ஜாயிண்ட் ரப்பர் வெந்துடும்.

இன்னொண்ணு. நிறைய வண்டியில ஹப் நட்டோட இறுக்கம்தான் வீல் பேரிங்கையே பிடிச்சு வச்சிருக்கு. ஆக்சில் இல்லாம வண்டியை நாலடி தள்ளினாலும் பேரிங் கெட்டுடும். நம்ம ஏரியா தெரு அகலத்துல பாதி வேலையில வண்டி மாட்டிக்கிட்டா, தண்ணி லாரிக்கு வழி விட எப்படி நகர்த்துவீங்க?

தண்டையார்பேட்டை_ஸ்பேனர்:
அதுக்கு வழி இருக்கு. புது ஆக்சில் கைக்கு வந்து, பழசோட பக்கத்துல வச்சு நீளம், ஸ்பிளைன் பல்லு (ஷாஃப்ட் நுனியில நீளவாக்குல இருக்கிற பல்லு) எண்ணிக்கை, ஏபிஎஸ் வளையம் மூணும் ஒத்துப் பார்த்த பிறகு கியர்பாக்ஸ்ல கை வைக்கட்டும். ஒத்து வரலைன்னா பழசையே திருப்பி மாட்டி நட்டை இறுக்கிட்டா வண்டி நகரும்.

ராயபுரம்_ரஃப்ரோடு:
புதுசு எதுக்குங்க? புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல ஒரிஜினல் செகண்ட் ஹேண்ட் கிடைக்குமே. வெளி ஜாயிண்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் முறுக்கிப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. பூட்டை அமுக்கினா உள்ள கிரீஸ் மெத்துன்னு இருக்கணும். மலிவான புது ஆக்சிலை விட அது நாள் வரும்.

மூலக்கடை_ஷெட்:
பூட்டை ஒரு பக்கம் திறந்து காட்டினா மட்டும் வாங்குங்க. வெள்ளத்துல நின்ன வண்டியோடதா இருந்தா கிரீஸ் சாம்பல் கலர்ல, பாலு கலந்த மாதிரி இருக்கும். உள்ள துரு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

கொடுங்கையூர்_ஹேட்ச்பேக்:
கியர்பாக்ஸ் பக்கம் எப்படிக் கழட்டறது? ஷாஃப்ட்டைப் பிடிச்சு இழுத்தா வந்துடுமா?

தண்டையார்பேட்டை_ஸ்பேனர்:
இழுக்கவே கூடாது. உள்ள சர்க்கிளிப் (வாய் திறந்த கம்பி வளையம்) பிடிச்சிருக்கும், ஷாஃப்ட்டை இழுத்தா உள் ஜாயிண்ட் மட்டும் பிரிஞ்சு கைக்கு வரும். ஜாயிண்ட்டோட இரும்புக் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உடம்புக்கும் நடுவுல லீவர் கொடுத்து, சட்டுனு ஒரு தட்டுல நெம்பணும். லீவர் நுனி சீல் மேல படாம பார்த்துக்கங்க.

அதுக்கு முன்னாடி ஆயில் வடிக்கணும். ஃபில்லர் பிளக்கை முதல்ல திறங்க. அது திறக்குதுன்னு தெரிஞ்ச பிறகு டிரெய்ன் பிளக். மாத்திச் செஞ்சு ஃபில்லர் இறுகிப் போயிருந்தா ஆயில் இல்லாத வண்டியோட நிப்பீங்க. வடிச்ச ஆயிலைக் கால்வாயில ஊத்தாதீங்க. 2023 டிசம்பர்ல எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிஞ்சு மீனவங்க பிழைப்பு போனதைப் பார்த்த ஊரு இது. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கிற கடையில கொடுங்க.

புது சீலைச் சமமா அடிச்சு உட்கார வச்சு, உதட்டுல கியர் ஆயில் தடவுங்க. ஆக்சில் நுழைக்கும்போது எடையை ஒரு கையில தாங்கி நேரா விடணும். ஸ்பிளைன் பல்லு சீல் உதட்டைக் கீறிட்டா ஒழுக ஆரம்பிச்சிடும். சர்க்கிளிப் வாய் கீழ பார்த்து இருக்கட்டும். 'டக்'குன்னு உட்கார்ந்த பிறகு ஜாயிண்ட் கிண்ணத்தைக் கையால லேசா இழுத்துப் பாருங்க, வெளிய வரக் கூடாது. வண்டி நாலு சக்கரத்துலயும் சமமா நிக்கும்போது, ஃபில்லர் ஓட்டையில வழியற வரைக்கும் ஆயில். வண்டியோட மேனுவல் புத்தகம் ஜிஎல்-4 (கியர் ஆயில் தரம்) கேட்டா ஜிஎல்-5 ஊத்தாதீங்க, அதுல இருக்கிற கந்தகம், கியர் மாத்த உதவுற பித்தளை சின்க்ரோ வளையத்துக்கு ஆகாது.

மூலக்கடை_ஷெட்:
சீல் பத்தி சொன்னது எல்லாம் சரி. ஆனா வீட்டுல செய்யறவங்க கடைசியில கோட்டை விடறது ஹப் நட்டுலதான். சின்ன வண்டியில இறுக்கம் சுமார் 200 நியூட்டன் மீட்டர் வரும், மாடலுக்கு ஏத்த கணக்கு மேனுவல்ல இருக்கும். கம்பி மேல ஏறி மிதிச்சு 'இறுகிடுச்சு'ன்னு சொல்றது கணக்கே இல்ல. குறைஞ்சா பேரிங் ஆடும், கூடினா சூடாகி ஊளையிடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) வாடகைக்காவது எடுங்க. வெயில்ல தார் இளகி ஸ்டாண்டு கால் இறங்கும், அடியில பலகை போடுங்க.

நான் இன்னும் ஷெட்டுக்கு வாங்கன்னுதான் சொல்றேன். வீட்டுலதான்னு முடிவு பண்ணினா, முந்தின நாள் சாயங்காலமே அந்த பால் ஜாயிண்ட் போல்ட்டுக்குத் துரு இளக்கற ஆயில் அடிச்சு ஊற விடுங்க. காலையில முதல் வேலையா அதைத் தளர்த்திப் பாருங்க. அசைஞ்சா மேல செய்யுங்க. அசையலைன்னா ஹப் நட்டைத் தொடாம, ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்காம மெதுவா ஓட்டிட்டு ஷெட்டுக்கு வந்துடுங்க.